திரவங்களின் ஓட்டத்தை ஆராய்ந்த வேதியியலாளர் யாரைப் பற்றியாவது சொல்ல முடியுமா?

பெயிண்ட் ஆலையின் தரக் கட்டுப்பாட்டில் வேலை செய்பவனிடம் இதைக் கேட்டால் யூஜின் பிங்கம் என்றுதான் பதில் வரும்.

1878இல் அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில் பிறந்தவர். 1905இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம். 1916 வாக்கில் பென்சில்வேனியாவின் ஈஸ்டன் நகரிலுள்ள லஃபாயெட் கல்லூரிக்கு வேதியியல் பேராசிரியராக வந்தார், 1945இல் காலமானார். இவ்வளவையும் எந்தக் கலைக்களஞ்சியத்திலும் பார்த்துக்கொள்ளலாம். சுவையான பகுதி களிமண்தான்.

களிமண் குழம்பை நுண்குழாய் வழியே செலுத்தி, எந்த அழுத்தத்துக்கு எவ்வளவு வெளியேறுகிறது என்று அளந்தார். தண்ணீருக்கு இந்த வரைபடம் பூச்சியத்திலிருந்து கிளம்பும் நேர்கோடு. எவ்வளவு மெல்லத் தள்ளினாலும் கொஞ்சமாவது ஓடும். களிமண் குழம்பின் கோட்டைக் கீழே நீட்டிப் பார்த்தால் அது பூச்சியத்துக்கு வராமல் அழுத்த அச்சில் தள்ளிப்போய் வெட்டியது. கருவியின் கோளாறு என்று ஒதுக்கிவிட எல்லா வசதியும் இருந்தது. அவர் அதைப் பொருளின் குணமாகவே எடுத்துக்கொண்டார்: குறிப்பிட்ட தகைவு (பரப்பின் ஓரலகில் செயல்படும் விசை) வரும்வரை அது திடப்பொருள், அதைத் தாண்டினால் திரவம். 1916இல் இது கட்டுரையாக வந்தது.

1919இல் ஹென்றி கிரீனுடன் சேர்ந்து, பெயிண்டும் இந்த இனம்தான் என்று காட்டினார். என் பிழைப்பே இதில்தான் அடங்கியிருக்கிறது. தூரிகையை எடுத்த பிறகு பூச்சை இழுப்பது புவியீர்ப்பு மட்டுமே. அந்தச் சிறு இழுப்பு, பெயிண்ட் ஓடத் தொடங்கும் தகைவு வரம்புக்குக் கீழே இருந்தால் பூச்சு சுவரில் நிற்கும், மீறினால் வழியும். வரம்பை ஒரேயடியாக உயர்த்தினாலோ தூரிகைத் தடங்கள் சமனாகாமல் அப்படியே காய்ந்துவிடும். பாகுநிலை, அதாவது ஓட்டத்துக்குத் திரவம் காட்டும் எதிர்ப்பு, எவ்வளவு என்று ஒற்றை எண்ணைக் கேட்கும் வாடிக்கையாளருக்கு இதை விளக்குவதற்குள் போதும் போதுமென்றாகிவிடும். பற்பசை, கான்கிரீட் கலவை, எண்ணெய்க் கிணறு தோண்டப் பயன்படும் சேறு ஆகியவற்றுக்கும் இன்றுவரை பிங்கம் மாதிரியில்தான் கணக்குத் தொடங்குகிறது.

1928இல் மார்க்கஸ் ரைனர் என்ற கட்டுமானப் பொறியாளர் பாலஸ்தீனத்திலிருந்து லஃபாயெட்டுக்கு வந்தார். வேதியியலாளரும் பொறியாளரும் ஒரே சிக்கலில் உழல்கிறோமே, இதற்கென ஒரு துறை வேண்டும் என்றாராம் பிங்கம். அது ஏற்கெனவே இருக்கிறது, தொடர் ஊடகங்களின் இயக்கவியல் என்று பெயர் என்றார் ரைனர். அந்தப் பெயரைக் கேட்டால் வேதியியலாளர்கள் பயந்து ஓடிவிடுவார்கள் என்று பிங்கம் மறுத்துவிட்டார்! அப்படிப் பிறந்ததுதான் ரியாலஜி, பொருள்களின் ஓட்டத்தையும் உருமாற்றத்தையும் ஆராயும் துறை. மறு ஆண்டே அதற்கொரு சங்கமும் அமைந்தது. 1948 முதல் அந்தச் சங்கம் பிங்கம் பெயரில் பதக்கம் வழங்குகிறது.

ஒரு விஷயத்தில் மட்டும் உலகம் அவர் பேச்சைக் கேட்கவில்லை. பாகுநிலையைவிட அதன் தலைகீழான ஓட்டத்தன்மையே அடிப்படை அளவு, திரவங்களைக் கலக்கும்போது கூட்டிக் கணக்கிட ஏற்றது அதுதான் என்று கடைசிவரை வாதிட்டார். வேதியியலாளராக அவர் கேட்டது நியாயமே. ஆனால் பம்ப் வாங்கப் போகும் பொறியாளருக்குத் திரவம் எவ்வளவு எதிர்க்கும் என்பதுதான் தெரிய வேண்டும். எங்கள் ஆய்வகக் கருவிகளும் பாகுநிலையைத்தான் காட்டுகின்றன.