ஹப்பை வெல்டு வைக்கச் சொல்பவரிடம் டிராக்டரை விடாதீர்கள்

கேள்வி: பல வருடங்களாகக் கொட்டகையில் கிடந்த பழைய தோட்ட டிராக்டர் ஒன்றை வாங்கிப் புதுப்பித்துக்கொண்டிருக்கிறேன். எஞ்சின் நன்றாக ஓடுகிறது. ஆனால் ரிவர்ஸ் போட்டால் இடது பின்சக்கரத்தில் ‘டக்’ என்று சத்தம் வருகிறது. மேட்டில் ஏறும்போது அந்தச் சக்கரம் ஒரு கணம் தயங்கிவிட்டுத்தான் சுற்றுகிறது. சக்கரத்தை ஆக்ஸிலோடு (அச்சுத் தண்டோடு) இணைக்கும் ஹப்பைக் கழற்றவும் முடியவில்லை. பட்டறைக்காரர் ஹப்பை ஆக்ஸிலோடு சேர்த்து வெல்டு வைத்துவிடலாம் என்கிறார். உதிரிபாகம் விற்பவர் பின் ஆக்ஸிலை கியர்பாக்ஸோடு முழு செட்டாக மாற்றச் சொல்கிறார். எதைச் செய்வது?

பதில்: இரண்டையும் செய்யாதீர்கள்.

முதலில் சத்தம் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். பழைய கியர்பாக்ஸில் பல்லுக்குப் பல் கொஞ்சம் ஆட்டம் இருக்கும். அதுவும் ‘டக்’ என்றுதான் கேட்கும். ஆக்ஸில் முனையிலிருந்து ஹப் வரைக்கும் ஒரே நேராகச் சாக்பீஸால் ஒரு கோடு போடுங்கள். வண்டியை கியரில் வைத்து, சக்கரத்தைத் தூக்கி, கையால் முன்னும் பின்னும் ஆட்டுங்கள். கோடு உடையாமல் ஆக்ஸிலும் ஹப்பும் சேர்ந்தே ஆடினால் ஆட்டம் உள்ளே இருக்கிறது. கொஞ்சமாக இருந்தால் அதை இப்போதைக்கு விட்டுவிடலாம். கோடு இரண்டாகப் பிரிந்து ஹப் மட்டும் நகர்ந்தால் குற்றவாளி கையில் கிடைத்துவிட்டான். ஹப் ஓரத்தில் செம்பழுப்பாக மாவு போல ஒரு தூள் படிந்திருந்தால் சந்தேகமே வேண்டாம். இரும்போடு இரும்பு உரசி உதிர்ந்த தூள் அது.

சக்கரத்தைத் தூக்கும்போது ஒரு எச்சரிக்கை. இந்த வகை வண்டிகளில் பெரும்பாலும் பிரேக் சக்கரத்தில் இருக்காது, கியர்பாக்ஸில்தான் இருக்கும். ஒரு பின்சக்கரத்தைத் தூக்கினால் டிஃபரென்ஷியல் (இரு பின்சக்கரங்களையும் வெவ்வேறு வேகத்தில் சுற்ற விடும் கியர் அமைப்பு) வழியாக மற்றச் சக்கரம் தாராளமாக உருளும். ஹேண்ட் பிரேக் போட்டிருக்கிறோமே என்ற நம்பிக்கையில் ஜாக்கி வைத்தால் வண்டி ஜாக்கியிலிருந்து இறங்கி ஓடிவிடும். தரையில் இருக்கும் சக்கரங்களுக்கு இரு பக்கமும் கட்டை வையுங்கள், வண்டியை ஸ்டாண்டில் நிறுத்துங்கள். லூஸான ஹப்போடு சரிவில் வண்டி ஓட்டவே கூடாது என்பதும் இதனால்தான். ஹப் வழுக்கினால் அந்தச் சக்கரத்துக்கு இழுவை மட்டுமல்ல, பிரேக்கும் போய்விடும்.

இனி வெல்டிங் யோசனைக்கு வருவோம். ஹப் பெரும்பாலும் வார்ப்பிரும்பு. சாதாரண ராடால் அதில் வெல்டு வைத்தால் ஒட்டின மாதிரி இருக்கும், பக்கத்திலேயே விரிசல் விடும். ஆக்ஸில் ஸ்டீலோ வெல்டின் ஓரத்தில் கடினப்பட்டு, ஒருநாள் பளுவில் அதே இடத்தில் முறியும். முறியாவிட்டாலும் நிம்மதி இல்லை. நாளைக்கு, கியர்பாக்ஸ் எண்ணெய் கசியாமல் தடுக்கும் ஆயில் சீல் ஒழுகும். ஹப் கழன்றால்தான் சீலை மாற்ற முடியும். அன்றைக்கு கிரைண்டரால் அறுப்பது யார்? வெல்டு வைத்தவர் வரமாட்டார்.

‘முழு செட்’ யோசனை அதைவிட நாசூக்கான ஏமாற்று. பழைய வண்டியிலிருந்து பிரித்த செட் அது. அதன் ஹப் எந்த நிலையில் இருக்கிறது என்று விற்பவரே திறந்து பார்த்திருக்க மாட்டார். புதுப் பெயின்ட் அடித்திருந்தால் இன்னும் சந்தேகப்படுங்கள். பழைய ஹப் வாங்குவதாக இருந்தால் வெளிப்பக்கப் படத்தைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். துளையின் உட்புறமும் கீவேயின் (ஹப்பும் ஆக்ஸிலும் சேர்ந்து சுற்ற இடையில் செருகும் ‘கீ’ என்ற இரும்புக் கட்டை உட்காரும் காடியின்) ஓரங்களும் தெரிகிற படம் கேளுங்கள். தர மறுத்தால் அதுவே பதில். இன்னொன்று, வண்டி கம்பெனியின் பெயர் போட்ட டப்பாவில் வரும் பேரிங்கும் சீலும் பெரும்பாலும் எல்லாக் கடையிலும் கிடைக்கிற அதே பொதுச் சாமான்கள்தான். பேரிங்கின் விளிம்பில் எண் பொறித்திருக்கும். 6205 என்றிருந்தால் உள்துளை 25, வெளிவிட்டம் 52, அகலம் 15 மி.மீ. எவர் செய்தாலும் இதே அளவுதான். சீலிலும் அளவு அச்சடித்திருக்கும். கம்பெனிகளோ ஹப்பைத் தனிப் பாகமாக விற்பதை நிறுத்திவிட்டு, பாக எண்ணை இரண்டு மூன்று முறை மாற்றி, கடைசியில் ‘கிடைக்காது’ என்று ஒரு வரியில் முடித்துக்கொள்கின்றன. ஆக்ஸிலின் விட்டத்தையாவது எழுதி வைத்தால் என்ன குறைந்துவிடும்? அதுவும் கிடையாது. நாமே வெர்னியர் அளவுகோலை வைத்து அளக்க வேண்டியிருக்கிறது.

கழற்றுவது பொறுமை வேலை. சக்கரத்தை எடுத்துவிட்டு, ஆக்ஸில் முனை ஹப்பைத் தாண்டி எவ்வளவு நீட்டிக்கொண்டிருக்கிறது என்று அளந்து குறித்துக்கொள்ளுங்கள். முனையிலுள்ள துருவையும் பிசிறையும் அரத்தாலும் எமரி தாளாலும் சுத்தமாக எடுங்கள். ஹப் அதன் மேல்தான் வழுக்கி வெளியே வர வேண்டும். பிறகு செட் ஸ்க்ரூ, அதாவது ஹப்பின் பக்கத்திலிருந்து ஆக்ஸிலை அழுத்திப் பிடிக்கும் ஸ்க்ரூ. இதில் ஏமாறாதவர்கள் குறைவு: ஒரே ஓட்டையில் ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு ஸ்க்ரூ இருக்கும். மேலே இருப்பது பூட்டு, கீழே இருப்பதுதான் ஆக்ஸிலைப் பிடித்திருப்பது. மேல் ஸ்க்ரூவை எடுத்த திருப்தியில் புல்லரை (ஹப்பை இழுத்துக் கழற்றும் கருவியை) மாட்டி முறுக்கினால் ஹப் எப்படி வரும்? அழுக்கைக் குத்தி எடுத்துவிட்டு, டார்ச் அடித்து ஓட்டைக்குள் பாருங்கள். பக்கவாட்டில் இன்னொரு ஓட்டையும் இருக்கலாம்.

அடுத்து, துரு இளக்கும் எண்ணெயைக் காலையும் மாலையும் விட்டு சில நாட்கள் ஊறவிடுங்கள். புல்லரின் கொக்கியை ஹப் விளிம்பில் மாட்டாதீர்கள், வார்ப்பிரும்பு விளிம்பு பிஸ்கட் மாதிரி உடையும். சக்கர போல்ட் ஓட்டைகளில் தடித்த தகடு ஒன்றைப் பூட்டி, அதன் நடு போல்ட்டால் ஆக்ஸில் முனையைத் தள்ளுங்கள். முறுக்கி இறுக்கமாக விட்டுவிட்டு, ஹப்பின் கழுத்தைச் சுற்றிச் சுத்தியலால் தட்டுங்கள். அசையவில்லையா, அந்த இறுக்கத்திலேயே ராத்திரி முழுக்க விடுங்கள். காலையில் தானாகவே நகர்ந்திருப்பதும் உண்டு. சூடு வைப்பதானால் எண்ணெயைத் துடைத்துவிட்டு, பெட்ரோல் டேங்கை வண்டியிலிருந்து கழற்றித் தூரமாக வைத்த பிறகு, ஹப்பைச் சுற்றிலும் சீராகக் காட்டுங்கள். 25 மி.மீ. துளை 100 டிகிரி கூடினால் 0.03 மி.மீ. அளவுக்குத்தான் விரியும், ஆனால் துருவின் பிடியைக் கலைக்க அது போதும். சிவக்கக் காய்ச்ச வேண்டாம், தண்ணீர் ஊற்றி ஆற்றவே வேண்டாம். பின்னாலிருக்கும் ஆயில் சீல் கருகியிருக்கும் என்று வைத்துக்கொண்டு புதிதாக ஒன்று வாங்கிவிடுங்கள். ஆக்ஸில் முனையில் மட்டும் சம்மட்டியால் அடிக்கக் கூடாது. பல கியர்பாக்ஸ்களில் ஆக்ஸிலை உள்ளே பிடித்திருப்பது ஒரு சிறு கிளிப். ஒவ்வொரு அடியும் நேராக அதில் போய் விழும்.

ஹப் வந்துவிட்டதா, இப்போது அளவு. பழைய வண்டிகள் பலவற்றில் எல்லாம் அங்குலக் கணக்கு. ஒரு அங்குல ஆக்ஸில் என்றால் 25.4 மி.மீ., கால் அங்குலக் கீ என்றால் 6.35 மி.மீ. கடையில் ‘இதுதாங்க சைஸ்’ என்று 6 மி.மீ. கீயைத் தருவார்கள். போட்டால் அழகாக உள்ளே போகும். 0.35 மி.மீ. இடைவெளியில் ஒவ்வொரு ரிவர்ஸுக்கும் அடி வாங்கிக் கீவேயை அகலமாக்கிவிடும். உங்கள் வண்டியிலும் யாரோ முன்பு இதைத்தான் செய்திருப்பார்கள் என்பது என் ஊகம். கீ கையால் வைத்து மெல்லத் தட்டினால் போய் உட்கார வேண்டும், விரலால் ஆடக் கூடாது. துளைக்கும் பிட்டின் தண்டையோ கடின போல்ட்டையோ வெட்டிக் கீயாகப் போடாதீர்கள். தேய்வதானால் கீ தேயட்டும், ஆக்ஸில் தேயக் கூடாது.

கீ மட்டும் தேய்ந்திருந்தால் கீயை மாற்றுவதோடு வேலை முடிந்தது. ஹப்பின் கீவே அகன்றிருந்தால், செட் ஸ்க்ரூ ஓட்டை படாத வேறு பக்கத்தில் புதுக் கீவே ஒன்றை இழைத்துத் தருமாறு லேத் பட்டறையில் கேளுங்கள். ஆக்ஸிலைத் தொடவே வேண்டியதில்லை. ஆக்ஸில் லேசாகத் தேய்ந்து ஹப் தொளதொளவென்று இருந்தால், இடைவெளி நிரப்பிப் பிடிக்கும் லாக்டைட் 660 போன்ற பசை 0.5 மி.மீ. வரை தாங்கும். நல்ல கீயோடு சேர்த்து மட்டும், எண்ணெய்ப் பசை துளியும் இல்லாத பரப்பில். ஆக்ஸிலின் கீவே கிழிந்தே போயிருந்தால் ஆக்ஸிலை வெளியே எடுத்து மாற்றுங்கள்.

இத்தனையும் நேரான ஆக்ஸிலுக்கு. உங்களுடையது கூம்பு ஆக்ஸிலாக இருந்தால், அதாவது முனையில் பெரிய நட்டு ஒன்று இருந்தால், விஷயம் வேறு. அதில் பிடி முழுக்கக் கூம்பில்தான், கீ வெறும் துணைக்கு. கழற்றும்போது நட்டை முழுதாக எடுத்துவிடாதீர்கள்; சில சுற்று தளர்த்தி, ஆக்ஸில் முனையோடு சமமாக நிற்கும்படி விடுங்கள். இந்த ஹப் வரும்போது வெடித்த மாதிரிதான் வரும், நட்டு இல்லாவிட்டால் காலில் விழும். மாட்டும்போது கிரீஸ் பூசாதீர்கள், இரண்டு பரப்பும் சுத்தமாகவும் உலர்ந்தும் இருக்கட்டும். கூம்பு சரியாகப் படிகிறதா என்று பார்க்க, கீ இல்லாமல் ப்ரஷ்யன் ப்ளூ மையை மெல்லப் பூசி ஹப்பைத் தள்ளி எடுங்கள். மை ஓரத்தில் மட்டும் ஒட்டினால் வால்வு தேய்க்கும் பேஸ்ட்டால் தேய்த்துப் படியவைக்க வேண்டும். இங்கேதான் கண்ணி. தேய்க்கத் தேய்க்க ஹப் உள்ளே போகும். ஒரு கட்டத்தில் நட்டு ஹப்பை அழுத்தாமல் மரையின் அடியில் முட்டி நிற்கும், அல்லது வாஷர் ஆக்ஸிலின் தோளில் உட்கார்ந்துவிடும். ஸ்பேனருக்கு இறுக்கம் தெரியும், ஹப்புக்குத் தெரியாது. தடித்த வாஷர் போட்டால் சிலவற்றில் சரியாகும். கூம்பே கரைந்திருந்தால் எந்த வாஷரும் காப்பாற்றாது, ஹப்பை மாற்ற வேண்டியதுதான். சில மணி நேரம் ஓட்டிய பிறகு நட்டை மறுபடி இறுக்கிப் பாருங்கள்.

முன்சக்கர ஹப்புகளில் பெரிய வித்தை இல்லை. புஷ்ஷோ பேரிங்கோ, தேய்ந்திருந்தால் மாற்றி கிரீஸ் வையுங்கள்.

பெயின்ட் அடிப்பதைக் கடைசிக்கு வையுங்கள். ஹப்பும் ரிம்மும் சேரும் முகத்திலும் போல்ட் உட்காரும் குழியிலும் பெயின்ட் தடிமனாக இருந்தால், அது நசுங்க நசுங்க போல்ட் தளரும். அந்த இடங்களை டேப் ஒட்டி மறைத்துவிட்டு அடியுங்கள். நேரான ஆக்ஸிலில் பசை போடாவிட்டால், துரு பிடிக்காமலிருக்க ஆன்ட்டி சீஸ் என்ற பூச்சைப் பூசி மாட்டுங்கள். இரண்டையும் சேர்த்துப் போடாதீர்கள். சாக்பீஸ் கோட்டை மறுபடி போட்டு, முதல் நாள் ஓட்டி முடித்ததும் கோடு உடைந்திருக்கிறதா என்று பாருங்கள். உடைந்திருந்தால் முதலில் மறுபடி அளக்க வேண்டியது கீயைத்தான்.