வீடியோ பார்த்தால் கை பழகுமா?

கேள்வி: மார்த்தாண்டத்தில் வசிக்கிறேன். பி.ஏ. முடித்து வீட்டில் இருக்கிறேன். ஆட்டிசம் உள்ள குழந்தைகளுக்குப் பயிற்சி தரும் 'பிஹேவியர் டெக்னீஷியன்' வேலைக்கு 40 மணி நேர ஆன்லைன் வகுப்பு என்று விளம்பரம் பார்த்தேன். நினைத்த நேரத்தில் படிக்கலாமாம். துபாயில் இருக்கும் அண்ணன் பணம் கட்டுவதாகச் சொல்கிறார். சேரலாமா?

பதில்: சேருவதற்கு முன் அவர்களுக்கு ஒரு போன் செய்து, "நான் குழந்தையோடு உட்காரும்போது என்னைப் பார்த்துத் திருத்துவது யார்?" என்று கேளுங்கள். மழுப்பினால் பணம் அண்ணனிடமே இருக்கட்டும்.

இந்த 40 மணி நேரக் கணக்கு, நடத்தைப் பயிற்சியாளர்களுக்குச் சான்றளிக்கும் அமெரிக்காவின் பி.ஏ.சி.பி. வாரியம் ஆர்.பி.டி. (பதிவுபெற்ற பிஹேவியர் டெக்னீஷியன்) சான்றிதழுக்கு வைத்த விதி. அங்கேயும் வகுப்பு முதல் படிதான். செய்முறைத் திறன் மதிப்பீடும் தேர்வும் பின்னால் காத்திருக்கின்றன. வேலையில் சேர்ந்த பிறகும் மாதாமாதம் பணி நேரத்தில் குறைந்தது 5 சதவீதம் மேற்பார்வையில் கழிய வேண்டும். இன்னொன்று: 2023 ஜனவரி 1 முதல் இந்தியாவில் வசிப்பவர்களின் புதிய விண்ணப்பங்களை அந்த வாரியம் ஏற்பதில்லை. வீட்டிலிருந்தே ஆர்.பி.டி. ஆகலாம் என்று விளம்பரம் சொன்னால் அது பொய். இதே மாதிரிச் சான்றிதழ் தரும் ஐ.பி.ஏ.ஓ., கியூ.ஏ.பி.ஏ. போன்ற வேறு அமைப்புகள் நம் நாட்டவரை ஏற்கின்றன; அவையும் மேற்பார்வையில் செய்த பயிற்சியைக் கேட்கும்.

மேற்பார்வையை ஏன் இவ்வளவு வற்புறுத்துகிறேன் என்றால், என்னிடம் வேலை பழக வந்த ஒரு பெண் வகுப்பில் எல்லாக் கேள்விக்கும் சரியாக விடை எழுதியவர். முதல் நாள், மட்டிப்பழத்தைத் துண்டு போட்டு வைத்திருந்தோம். பையன் கை நீட்டினால் உடனே ஒரு துண்டு கொடுக்க வேண்டும், அவ்வளவுதான். நீட்டினான். இவர் தாளில் குறித்து, "மிடுக்கன்" என்று பாராட்டி, பழத்தை எடுப்பதற்குள் அவன் மேசையைத் தட்டத் தொடங்கிவிட்டான். பழம் அப்போதுதான் அவன் கைக்குப் போனது. தட்டினால் பழம் வரும் என்பதுதான் அன்று அவன் படித்த பாடம். பக்கத்தில் ஆள் இல்லாவிட்டால் அவர் இதையே ஒரு மாதம் கற்றுக்கொடுத்திருப்பார்.

வகுப்பு வீண் என்று சொல்லவில்லை. பார்த்ததை எழுதும் முறையை அது நன்றாகவே கற்றுத்தரும். "சேட்டை செய்தான்" என்று நாம் சொல்வதை வைத்து எதையும் எண்ண முடியாது. "தட்டைத் தள்ளினான், 10 நிமிடத்தில் 4 முறை, ஒவ்வொரு முறையும் அம்மா சோறு ஊட்டுவதை நிறுத்தினார்" என்று எழுதினால், சோற்றிலிருந்து தப்பிக்கத்தான் தள்ளுகிறான் என்று தோன்றும். ஆங்கில வீடியோவில் வரும் பாராட்டுச் சொற்களை மட்டும் அப்படியே எடுக்காதீர்கள். நம் எல்லையோர வீடுகளில் அம்மா தமிழ், பாட்டி மலையாளம் பேசுவார்கள். குழந்தைக்கு எந்தச் சொல் இனிக்கிறது என்று வீட்டில் கேளுங்கள். முகத்தைப் பிடித்துத் திருப்பிக் கண்ணைப் பார்க்கவைக்கும் பயிற்சி ஏதாவது வந்தால், அந்த வகுப்பே வேண்டாம்.

சிறப்பாசிரியர் வேலைதான் குறி என்றால் இந்தச் சான்றிதழ் உதவாது. அதற்கு இந்திய மறுவாழ்வுக் குழுமம் அங்கீகரித்த படிப்பும் பதிவும் வேண்டும். சென்னையை அடுத்த முட்டுக்காட்டில் உள்ள, பல்வகை மாற்றுத்திறன் உடையோருக்கான தேசிய நிறுவனமான நீப்மெட்டில் (NIEPMD) அத்தகைய படிப்புகள் உண்டு.

முதலில் நாகர்கோவிலிலோ திருவனந்தபுரத்திலோ ஆட்டிசம் உள்ள குழந்தைகளுக்கான ஒரு பயிற்சி மையத்தில் அனுமதி கேட்டு, வாரம் இரண்டு காலை போய் உட்காருங்கள். ஒரு மாதம் கழிந்தும் ஆசை குறையவில்லை என்றால் வகுப்பில் சேருங்கள். அண்ணனிடம் கணக்குச் சொல்லும்போது பஸ் செலவையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள்.