ஊர்த் திருவிழாப் பட்டிமன்றத்தில் பேச மார்க் ட்வைன் பொன்மொழிகள் பத்து சொல்ல முடியுமா?

பத்து வேண்டாம், இரண்டு போதும். மன்னார்குடி, திருவாரூர்ப் பக்கத் திருவிழா மேடை என்றால் எட்டு நிமிடம் கிடைத்தால் பெரிசு. அதற்குள் பத்தையும் கொட்டினால் தினக் காலண்டர் தாளை வரிசையாகக் கிழித்த மாதிரி இருக்கும்.

எடுக்க வேண்டிய இடங்கள், அமெரிக்க நகைச்சுவை எழுத்தாளரான ட்வைனின் இரண்டு நூல்கள்: 1894-இல் வந்த 'புடன்ஹெட் வில்சன்' நாவல், 1897-இல் வந்த 'ஃபாலோயிங் தி ஈக்வேட்டர்' பயண நூல். அத்தியாயங்களின் தொடக்கத்தில் 'வில்சனின் நாட்காட்டி' என்று வரிகள் இருக்கும். 'புராஜெக்ட் குட்டன்பர்க்' இணையதளத்தில் இலவசம். அத்தியாய எண்ணையும் சீட்டில் குறித்துக்கொள்ளுங்கள். எதிரணியில் ஒரு தமிழாசிரியர் இருந்தால் கட்டாயம் கேட்பார்.

பொன்மொழிக்கு முன் வில்சன் யாரென்று சொல்லுங்கள். சிற்றூருக்குப் புதிதாக வந்த வக்கீல், ஓயாமல் குரைக்கும் நாயைப் பற்றி, "இதில் பாதி எனக்குச் சொந்தமாக இருந்தால் தேவலை, என் பாதியைக் கொன்றுவிடுவேன்" என்கிறான். ஊரார் கிண்டலைப் பிடிக்காமல், "பாதியைக் கொன்றால் மீதியும் சாகுமே!" என்று வெகு தீவிரமாக விவாதித்து அவனுக்கு முட்டாள் பட்டம் கட்டிவிடுகிறார்கள். இருபது வருஷத்துக்கு மேல் ஒரு வழக்கும் வரவில்லை. அவன் எழுதியதுதான் அந்த நாட்காட்டி. சிரிப்பு இங்கேயே கிடைத்துவிடும்.

பிறகு, "வெட்கப்படுகிற ஒரே விலங்கு மனிதன். வெட்கப்பட வேண்டியதும் அவன்தான்" (பயண நூல், 27). முதல் வாக்கியத்துக்குப் பின் நிறுத்துங்கள். குழாய் ஒலிபெருக்கி கட்டிய திடலில் பின்வரிசைக்குச் சத்தம் தாமதித்துத்தான் போகும். அவசரப்பட்டால் இரண்டு வாக்கியமும் போச்சு. "அடுத்தவர் பழக்கத்தைப் போலத் திருத்தம் தேவைப்படுவது எதுவுமில்லை" (நாவல், 15) டீக்கடை நியாயம் தெரிந்த எந்தக் கூட்டத்திலும் எடுபடும். காலிஃபிளவரைக் 'கல்லூரிக்குப் போன முட்டைக்கோஸ்' என்பதும் அவருடையதே. வீட்டுக்கு ஒரு இன்ஜினியர் இருக்கும் ஊரில் பார்த்துச் சொல்லவும்.

"பொய், படுபொய், புள்ளிவிவரம்" வேண்டாம். ட்வைனே அதைப் பிரிட்டிஷ் பிரதமராக இருந்த டிஸ்ரேலி சொன்னதாகத்தான் எழுதினார். "இருபது வருஷம் கழித்து, செய்யாததற்காக வருந்துவாய்" என்ற வாட்ஸ்அப் வரியும் வேண்டாம். அது 1990 வாக்கில் வெளியான, ஜாக்சன் பிரவுன் என்ற அமெரிக்க எழுத்தாளரின் புத்தகத்திலிருந்து வந்தது, ட்வைன் இறந்ததோ 1910-இல். எங்கள் பக்கக் கல்யாண ஃபிளெக்ஸ்களில் எந்த வரிக்கும் அப்துல் கலாம் பெயரைப் போட்டுவிடுகிறார்கள். அச்சடிப்பவரிடம் கேட்டால், "பேர் போட்டாத்தான் சார் எடுப்பா இருக்கும்" என்பார்.

நகைச்சுவைக்கு நம்மூர் எழுத்தாளர் இல்லையா என்று சண்டைக்கு வருவோருக்கு: தேவன் திருவிடைமருதூர், கல்கி மாயவரம் பக்கத்துப் புத்தமங்கலம். தெரியும். கேள்வி ட்வைனைப் பற்றி.