டேலி தெரியும், அக்கவுண்ட்ஸ் வேலையில் தேங்கி நிற்கிறேன். கூடுதலாக எதைக் கற்றால் மேலே வரலாம்?

பனியன் ஏற்றுமதி கம்பெனியில் அக்கவுண்ட்ஸ் பார்ப்பதாகச் சொல்லி, பைதானா, போட்டோஷாப்பா, டிஜிட்டல் மார்க்கெட்டிங்கா என்று கேட்டிருக்கிறீர்கள். இப்போதைக்கு மூன்றும் வேண்டாம் என்பேன். நல்ல படிப்புகள்தான். ஆனால் உங்கள் மேஜைக்கு வரும் வேலைக்கும் அவற்றுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

நான் திருப்பூரில் மெர்ச்சண்டைசர், அதாவது வாங்கும் பையருக்கும் கம்பெனிக்கும் நடுவில் ஆர்டரைப் பார்த்துக்கொள்பவன். இந்த ஊரில் வேகமாக மேலே போனவர்களில் பலர், தங்கள் வேலை அடுத்து யார் கைக்குப் போகிறதோ அவர் வேலையிலும் பாதியாவது தெரிந்தவர்கள்.

ஒரு டி-ஷர்ட்டுக்குத் துணிக் கணக்கு போடுவதைப் பாருங்கள். உடல் நீளம் 72 செ.மீ., கை 20, தையலுக்கும் மடிப்புக்கும் 12, ஆக 104. மார்பு 54, அதோடு தையலுக்கு ஒரு 4, ஆக 58. முன்பக்கம், பின்பக்கம் சேர்த்து 116. 104ஐ 116ஆல் பெருக்கி, அதை ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் துணியின் எடை, கிராமில்) 180ஆல் பெருக்கி, 10,000ஆல் வகுத்தால் பீஸுக்குச் சுமார் 217 கிராம். எக்செல் தெரிந்த யாரும் போட்டுவிடலாம். பிறகு பையர் மெயிலில் ஒரு வரி வருகிறது: ஷ்ரிங்கேஜ் (துவைத்தால் துணி சுருங்குவது) 5 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். அதற்காக டையிங்காரர் (சாயப்பட்டறைக்காரர்) காம்பாக்டிங்கில், அதாவது துணியை முன்கூட்டியே சுருக்கும் மெஷினில், துணியை இன்னும் நெருக்குகிறார், ஜிஎஸ்எம் 190க்குப் போய்விடுகிறது. அதே பீஸ் இப்போது 229 கிராம். 20,000 பீஸ் ஆர்டர் என்றால் 240 கிலோவுக்கு மேல் துணி கூடுதல், வேஸ்டேஜ் தனி. டையிங்காரர் விலைக் கணக்குப் போடும் காஸ்டிங் ஷீட்டைப் பார்ப்பதில்லை. ஷீட் போடுகிறவர் காம்பாக்டிங் மெஷின் பக்கமே போயிருக்க மாட்டார். இரண்டும் தெரிந்தவர் விலை சொல்வதற்கு முன்பே பையரிடம் பேசிவிடுவார். அப்படிப்பட்ட ஆளை முதலாளி லேசில் விடமாட்டார்.

உங்கள் மேஜைக்கு வருவோம். ஐஜிஎஸ்டி (ஏற்றுமதிக்கும் பொருந்தும் ஜிஎஸ்டி வகை) கட்டி ஏற்றுமதி செய்தால், சுங்கத்துறையில் தாக்கல் செய்யும் ஷிப்பிங் பில்தான் ரீஃபண்ட் விண்ணப்பமும்கூட. அதிலுள்ள இன்வாய்ஸ் விவரமும் நீங்கள் ஜிஎஸ்டிஆர்-1இல் (விற்பனை விவர ரிட்டர்ன்) ஏற்றியதும் ஒத்துப்போகாவிட்டால் 'எஸ்பி005' என்று பிழை காட்டி ரீஃபண்ட் நின்றுவிடும். அக்கவுண்ட்ஸ் தரப்பு ஷிப்பிங்கைக் கைகாட்டும், ஷிப்பிங் தரப்பு சுங்க வேலையைப் பார்க்கும் கிளியரிங் ஏஜென்டைக் கைகாட்டும். நூல்காரருக்குக் கொடுக்க வேண்டிய பணம் அங்கே மாட்டிக்கிடக்கும். ஷிப்பிங் பில்லைப் படிக்கத் தெரிந்த அக்கவுண்டன்டாக நீங்கள் இருந்தால், சரக்கு கிளம்பும் முன்பே செக்லிஸ்ட்டை (ஷிப்பிங் பில்லின் வரைவு) வாங்கி இன்வாய்ஸோடு ஒப்பிட்டுத் திருத்தச் சொல்லிவிடலாம். அதனால் முதலில் ஏற்றுமதி டாக்குமென்ட். பிறகு டியூட்டி டிராபேக் (ஏற்றுமதிக்காகச் சுங்க வரியைத் திரும்பப் பெறுவது). அதன் பிறகு எல்.சி. (பணத்துக்கு பையரின் வங்கி தரும் உறுதிக் கடிதம்) விதிமுறைகள். மூன்றும் டேலியோடு சேரும்.

இதற்கு கோர்ஸ் தேடி அலைய வேண்டாம். உங்கள் டாக்குமென்டேஷன் ஆளிடம் பழைய ஷிப்மென்ட் ஃபைல் ஒன்றை வாங்கி, முதல் தாளிலிருந்து கடைசித் தாள் வரை டேலி என்ட்ரிகளோடு வைத்துப் பாருங்கள். புரியாத இடத்தைக் கேளுங்கள். டீ வாங்கிக் கொடுத்துக் கேட்டால் இன்னும் நன்றாகச் சொல்வார்கள்.

ஒன்று மட்டும். டேலியிலேயே இன்னும் தடுமாறுகிறவர் இதில் இறங்கினால் இரண்டும் அரைகுறையாகும். உங்களுக்கு அந்தப் பிரச்சினை இல்லை என்றுதான் தெரிகிறது.

சம்பளம்? உடனே ஏறாது, நிச்சயம் வேலைதான் ஏறும். 'அவருக்கு ஷிப்பிங்கும் தெரியும்' என்று அந்த ஃபைலையும் உங்கள் தலையில் கட்டுவார்கள். ஓரிரு சீசன் பொறுத்துப் பார்த்துவிட்டு, நேரத்தோடு வந்த ரீஃபண்டுகளின் கணக்கை எடுத்துக்கொண்டு போய் இன்கிரிமென்ட் கேளுங்கள். கொடுக்கவில்லையா, அக்கவுண்ட்ஸும் எக்ஸ்போர்ட் டாக்குமென்டேஷனும் சேர்த்துப் பார்க்க ஆள் தேடும் கம்பெனிகளுக்கு விண்ணப்பம் போடுங்கள்.