மேட்டூர் தண்ணீர் போய்ச் சேரும் இடம்

கேள்வி: இரண்டு நாள் லீவில் அம்மாவைக் கடற்கரைப் பக்கம் கூட்டிப் போகலாம் என்றிருக்கிறேன். பாண்டிச்சேரி, மகாபலிபுரம் பார்த்தாயிற்று. பார்க்கவும் சாப்பிடவும் ஏதாவது இருக்கிற ஊராகச் சொல்லுங்கள். அம்மாவுக்கு முழங்கால் வலி, மலை கிலை எல்லாம் வேண்டாம்.
– வாசகி, அம்மாப்பேட்டை, சேலம்

பதில்: ஏற்காட்டு அடிவாரத்தில் இருந்துகொண்டு மலை வேண்டாம் என்கிறீர்கள், சரி! ஆத்தூர், விருத்தாசலம் வழியாகச் சிதம்பரம் போய், அங்கிருந்து கடலோரமாகவே தரங்கம்பாடி வரை இறங்குங்கள்.

முதல் நாள் காலையிலேயே சிதம்பரம் பக்கத்துப் பிச்சாவரம் அலையாத்திக் காடு. வெயில் ஏறிவிட்டால் படகில் உட்கார முடியாது. மோட்டார் படகு வேண்டாம், துடுப்புப் படகு எடுங்கள், அதுதான் சந்து மாதிரியான வாய்க்கால்களுக்குள் நுழையும். சுரபுன்னை வேர்கள் கிளையிலிருந்து தொங்கித் தண்ணீருக்குள் ஊன்றி நிற்பதைக் கைக்கெட்டும் தூரத்தில் பார்க்கலாம். தில்லை மரத்தை மட்டும் ஒடித்துப் பார்க்காதீர்கள், அதன் பால் கண்ணில் பட்டால் ஆபத்து. சிதம்பரத்துக்குத் தில்லை என்று பேர் வந்தது இந்த மரத்தால்தான்.

மதியம் சிதம்பரத்தில் சம்பா சாதமும் கொத்சும். கத்தரிக்காயை நன்றாகக் குழைத்து, மல்லியும் மிளகாயும் வறுத்து அரைத்துப் போட்டு, புளிப்பும் காரமுமாக இருக்கும். நம் வீட்டு இட்லிக் கொத்சை நினைத்துக்கொண்டு போகாதீர்கள். மீன் சாப்பிடுவீர்கள் என்றால் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தவிர்த்துவிடுங்கள், தடைக்காலம், விசைப்படகு கடலுக்குப் போகாது. நான் ஒரு மே மாதம் தெரியாமல் போய், வஞ்சிரம் என்று வைத்ததை ஒரு வாய் தின்றதுமே ஐஸில் பல நாள் கிடந்தது என்று தெரிந்துவிட்டது. மேட்டூர் டேம் மீன் தின்று வளர்ந்த நாக்கையா ஏமாற்ற முடியும்!

மறுநாள் தரங்கம்பாடி. டேனிஷ்காரர்கள் 1620இல் கட்டிய கோட்டை கடலைப் பார்த்தபடி நிற்கிறது, 1845இல்தான் ஊரை ஆங்கிலேயருக்கு விற்றார்கள். தமிழில் புதிய ஏற்பாடு அச்சானதும் இங்கேதான், ஜெர்மன் பாதிரியார் சீகன்பால்கு மொழிபெயர்த்தது. எல்லாம் நடக்கிற தூரம், அம்மா மெதுவாகவே பார்க்கலாம். பக்கத்திலேயே மாசிலாமணிநாதர் கோயில். அதன் முன்பகுதியைக் கடல் தின்றுவிட்டது.

போகிற வழியில் பூம்புகாரில் நிறுத்துங்கள். மேட்டூரில் கடல் மாதிரி நிற்கிற காவிரி அங்கே வாய்க்கால் மாதிரி போய்க் கடலில் விழும். கிளம்பும் முன் அணையில் தண்ணீர் விட்டிருக்கிறார்களா என்று கேட்டுக்கொள்ளுங்கள், இல்லையென்றால் அம்மாவுக்கு மணலைத்தான் காட்ட வேண்டியிருக்கும்.