நடக்கச் சொல்வதற்கும் பழக வேண்டும்: கேள்வி பதில்

ஆரம்ப சுகாதாரப் பணியாளர்களுக்கு, நோயாளிகளிடம் உடலுழைப்பைப் பற்றிப் பேசக் கற்றுத்தருவது என் வேலை. வந்த கேள்விகளுக்குப் பதில் கீழே. சிலருக்கு ஒரு வரிதான், கோபிக்க வேண்டாம்.

கேள்வி: பயிற்சிக்கு ஒரே நாள்தான் ஒதுக்கியிருக்கிறார்கள். எதைச் சொல்லித் தருவது?

பதில்: உடற்பயிற்சியின் நன்மைகளை விட்டுவிடுங்கள். அது பணியாளருக்கும் தெரியும், எதிரே உட்காரும் நோயாளிக்கும் தெரியும். கணக்கை அரை மணி நேரத்தில் முடித்துவிடலாம். உலக சுகாதார நிறுவனத்தின் 2020 வழிகாட்டுதல்படி, பெரியவர்களுக்கு வாரம் 150 முதல் 300 நிமிடம் மிதமான உழைப்பு. தசைகளுக்கான பயிற்சி 2 நாளாவது. 65 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்குச் சமநிலைப் பயிற்சி 3 நாளாவது.

மீதி நேரம் முழுவதும் பேசிப் பழகட்டும். மூன்று மூன்று பேராக உட்கார வையுங்கள். ஒருவர் பணியாளர், ஒருவர் நோயாளி, ஒருவர் வெறுமனே கவனிப்பவர். கேட்க வேண்டியவை இரண்டுதான்: வாரத்தில் எத்தனை நாள் வேகநடை போல உடம்பு அசைகிறது? அந்த நாட்களில் எத்தனை நிமிடம்? பெருக்கினால் வாரக் கணக்கு வந்துவிடும். கேட்டுவிட்டுப் பணியாளர் சும்மா இருக்க வேண்டும். கஷ்டம் அங்கேதான். கவனிப்பவரிடம் கடிகாரத்தைக் கொடுத்து, யார் எவ்வளவு நேரம் பேசினார் என்று குறிக்கச் சொல்வேன். முதல் சுற்றில் பெரும்பாலும் பணியாளரே பேசித் தீர்த்திருப்பார். குறிப்பைக் காட்டினால் அவருக்கே சிரிப்பு வரும்.

என்றைக்கு, எப்போது, எவ்வளவு நேரம் என்பதை நோயாளியே தன் வாயால் சொல்லி முடிக்கட்டும். ஒன்று மட்டும்: 150 என்ற எண்ணோடு பேச்சைத் தொடங்காதீர்கள். அசையாமல் இருப்பவருக்கு அது மலை.

கேள்வி: மிதமான உழைப்பு என்றால் என்ன என்று எப்படிப் புரியவைப்பது?

பதில்: பேச முடியும், பாட முடியாது. அவ்வளவுதான்.

கேள்வி: துண்டுப் பிரசுரம் கொடுத்தால் போதாதா?

பதில்: போதாது.

கேள்வி: ஒரே மூச்சில் 10 நிமிடமாவது நடந்தால்தானே கணக்கு?

பதில்: அது 2010 வழிகாட்டுதல். 2020இல் எடுத்துவிட்டார்கள். ஸ்லைடை மாற்றுங்கள்.

கேள்வி: 40 வயது தாண்டிய யாரையும் இசிஜி எடுக்காமல் நடக்கச் சொல்லாதீர்கள் என்று கற்றுத்தருகிறோம். சரிதானே?

பதில்: சரியில்லை. அமெரிக்க விளையாட்டு மருத்துவக் கல்லூரி (ACSM) என்ற நிபுணர் அமைப்பு 2015இலேயே வயதை எண்ணும் முறையைக் கைவிட்டது. இப்போது எவ்வளவு உழைக்கிறார், இதய, சர்க்கரை, சிறுநீரக நோய் உண்டா, அறிகுறி உண்டா, எவ்வளவு கடுமையாகச் செய்யப் போகிறார் என்றுதான் பார்க்கிறார்கள். நோயும் அறிகுறியும் இல்லாதவர் மெல்ல நடக்கத் தொடங்க அனுமதிச் சீட்டு வேண்டாம்.

அதே நபர்: நடக்கும்போது ஏதாவது ஆனால் பொறுப்பு யார்?

பதில்: உட்கார்ந்தே இருந்து மாரடைப்பு வந்தால் யாரும் இந்தக் கேள்வியைக் கேட்பதில்லை, கவனித்தீர்களா? பழக்கமில்லாதவர் திடீரென்று ஓடினால் ஆபத்து உண்மைதான். அதனால்தான் மெதுவாகத் தொடங்கச் சொல்கிறோம். மார்பில் இறுக்கம், மயக்கம், சும்மா இருக்கும்போதே மூச்சு வாங்குவது என்றால் முதலில் மருத்துவரிடம் அனுப்புங்கள். இன்சுலின் போடுபவரை சர்க்கரை தாழ்வு பற்றி எச்சரியுங்கள். பாதம் மரத்துப்போனவரின் காலைப் பாருங்கள்.

இன்னொருவர்: எங்கள் நிலையத்தில் இசிஜி கருவியே இல்லை. அந்த விதியால் இரண்டு மாதம் யாரிடமும் நடையைப் பற்றிப் பேசவில்லை.

பதில்: இதைத்தான் சொல்கிறேன்.

முதலாமவர்: எச்சரிக்கையாக இருப்பதில் என்ன தவறு?

பதில்: யாருக்கு எச்சரிக்கை என்று பிரித்துப் பார்க்காததுதான் தவறு. இதற்கு மேல் வேண்டாம், மற்றவர்கள் காத்திருக்கிறார்கள்.

கேள்வி: தினமும் 10,000 அடி கட்டாயமா?

பதில்: அது 1960களில் ஜப்பானில் விற்ற அடி எண்ணும் கருவியின் பெயரிலிருந்து வந்தது. மருத்துவ விதி இல்லை.

கேள்வி: முழங்கால் வலிக்கு எந்தப் பயிற்சி நல்லது?

பதில்: இயன்முறை மருத்துவரைக் கேளுங்கள்.

கேள்வி: படம் போட்ட பிரசுரம் என்றால்?

பதில்: மேலே பாருங்கள். அதிலும் 150 பெரிய எழுத்தில்தான் இருக்கும்.

கேள்வி: பயிற்சி முடிந்து ஒரு மாதத்தில் எல்லாம் மறந்துவிடுகிறதே?

பதில்: பதிவேட்டில் பிபி எழுதும் இடத்துக்குப் பக்கத்திலேயே இரண்டு கட்டம் சேருங்கள்: நாள், நிமிடம். அப்புறம் மூன்று மாதம் கழித்துப் போய்ப் பாருங்கள். கட்டம் காலியாக இருந்தால் திட்டாதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து, அவர் ஒரு நோயாளியிடம் எப்படிப் பேசுகிறார் என்று கேளுங்கள். கடிகாரத்தையும் எடுத்துப்போங்கள்.