பொண்ணு 5½ கட்டை, கீபோர்டு சி: இதுக்கு ஆறு மாச கோர்ஸா?

கேள்வி: என் பொண்ணு 5½ கட்டையில மோகன ராகத்துல ஒரு பாட்டு பாடுறா. ஸ்கூல் போட்டிக்கு கீபோர்டு வாசிக்கிற பையனுக்கு சி-யில மட்டும்தான் வரும். டிரான்ஸ்போஸ் பண்ண, அதாவது வேற சுருதிக்கு மாத்தி வாசிக்க, ஆறு மாச கோர்ஸ், புது கீபோர்டு ரெண்டும் வேணும்னு கிளாஸ்ல சொல்றாங்க. நிஜமாவா?

பதில்: இல்லைங்க, முதல்ல பர்ஸை உள்ள வைங்க. கட்டைங்கறது ஆர்மோனியத்துல வெள்ளைக் கட்டைய எண்றதுதான், சி 1, டி 2, இப்படிப் போனா ஜி 5, அதுக்கு அடுத்த கறுப்பு, அதாவது ஜி ஷார்ப், 5½. (3½னு யாராவது சொன்னா நம்பாதீங்க, 3-க்கும் 4-க்கும் நடுவுல கறுப்பே கிடையாது.) பையன் சி-யில ச ரி க ப த வாசிச்சா சி, டி, இ, ஜி, ஏ. அதையே 5½-ல வாசிச்சா ஜி ஷார்ப், ஏ ஷார்ப், சி, டி ஷார்ப், எஃப். சுரத்துக்கு சுரம் இடைவெளி மாறல, அதனால ராகமும் மாறல, மொத்தமா தூக்கி வேற இடத்துல வச்சிருக்கோம், அவ்ளோதான். விரல் பழக நாள் இல்லன்னா டிரான்ஸ்போஸ் பட்டன்ல மைனஸ் 4 வைக்கச் சொல்லுங்க (கறுப்பு வெள்ளை சேத்து நாலு கீழ இறங்கும், சி அழுத்தினா ஜி ஷார்ப் கேக்கும்), பிளஸ் 8 வச்சா ஒரு ஸ்தாயி மேல போய் கீச்சுனு கேக்கும். இந்தப் பட்டன் சாதாரண கீபோர்டுலயே இருக்கு, இதுக்குப் போய் புது மாடலை தலைல கட்டுறவங்களுக்கு கடைல கமிஷன் இருக்கான்னு விசாரிங்க.

இதைவிட மோசம், கீபோர்டுக்காக பொண்ணையே 1 கட்டைக்கு இறக்கிப் பாட வைக்கிறது. இருபது புள்ளைங்களுக்கு ஒரே சுருதிப்பெட்டி வச்சு ஓட்டுற கிளாஸ்ல இதான் நடக்குது, எவனும் கேக்க மாட்டான். கீழ் பஞ்சமம் (ப) காத்தா போகும், பொண்ணுக்கு குரலே இல்லைன்னு வேற சொல்லிடுவாங்க.

மிருதங்கம் உண்டான்னு நீங்க எழுதல. இருந்தா கவனிங்க, அதுக்கும் சுருதி உண்டு, தாளம்தானேன்னு விட்டுடாதீங்க. வலந்தலை, அதாவது வலது பக்கத் தோல், பாடுறவங்க ஷட்ஜத்துல (ச) பேசணும். கல்லையும் மரக்கட்டையையும் வச்சுத் தட்டி கொஞ்சம் ஏத்தலாம் இறக்கலாம், ஆனா ஆம்பளை 1 கட்டைக்கு வாசிக்கிற தக்கு சுருதி (தாழ்ந்த சுருதி) மிருதங்கத்தை 5½-க்கு இழுக்க முடியாது, தோல்தான் கிழியும். நீளம் கம்மியான ஹெச்சு சுருதி (உயர்ந்த சுருதி) மிருதங்கம் கொண்டுவரச் சொல்லுங்க, முந்தின நாளே.

அப்புறம் மேடைல யாராவது பையன்கிட்ட என்ன சுருதின்னு கேட்டா விரலைப் பாத்து சி-ன்னு சொல்லிடுவான், 5½னு சொல்லச் சொல்லிக்கொடுங்க. இறங்கும்போது பட்டனை ஜீரோவுக்கு கொண்டுவந்துட்டு இறங்கட்டும், அடுத்து வாசிக்கிற புள்ள பாவம்.